மாகௌதாவின் ஏழு தோல்கள்

"பள்ளிக்கூடம் முடிச்ச பொண்ணு நீ. நீயாவது சொல்லு. ஏழு தோலும் எங்க போச்சு?"

எங்கள் ஊர்த் தலைவர், கூட்டத்தின் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. பதில் எனக்குத் தெரியும். அந்தத் தோல்களை இழுத்த கயிறு அறுத்த காயம் அப்போது என் உள்ளங்கையில் ஆறாமல் இருந்தது. ஆனாலும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது முடியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதப்போவது மாகௌதாவைப் பற்றி. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. லெசோத்தோவின் மலைப்பக்கத்தில் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் அன்றைக்கே புதுப் பெயர் வைப்பார்கள். பிறக்கப்போகும் முதல் பிள்ளைக்கு ஒரு பெயரை முடிவு செய்து, அந்தப் பிள்ளையின் அம்மா என்று அவளை அழைப்பார்கள். மாகௌதா என்றால் கௌதாவின் அம்மா. கௌதா பிறக்கவேயில்லை. கணவர் தங்கச் சுரங்கத்திலிருந்து இருமலோடு திரும்பி வந்து, கொஞ்ச காலம் படுத்துக் கிடந்து இறந்துபோனார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. யாராவது அதைச் சொல்லி வருத்தப்பட்டால், "இல்லாத பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், எனக்கு என்ன குறை?" என்பார். சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார். அந்த டப்பா திறந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அவருக்கு என்று ஆடு கிடையாது. செகெலோ அய்யா என்பவரின் ஆடுகளை வாரத்துக்கு வளர்த்தார். செகெலோ அய்யா சுரங்கத்தில் சம்பாதித்ததையெல்லாம், நீண்ட பளபளப்பான ரோமத்துக்காக வளர்க்கும் மொஹேர் ஆடுகளாக மாற்றியவர். பேருந்து வந்து நிற்கும் ஊரில் இருந்தார். ஆடு அவருடையது, உழைப்பு மாகௌதாவுடையது. பாலும் ரோமத்தில் ஒரு பங்கும் மாகௌதாவுக்கு. பல வருடம் ஒரு ஆடும் குறையாமல் பார்த்துக்கொண்டதால், இந்தத் தடவை ரோமம் விற்றதும் இரண்டு பெட்டைக் குட்டிகளைச் சொந்தமாகத் தருவதாக செகெலோ அய்யா சொல்லியிருந்தார்.

சொந்த ஆடு என்றால் சொந்தக் காது அடையாளம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஆட்டுக் காதில் ஒரு தனி வெட்டு வெட்டுவார்கள். செகெலோ அய்யாவுடையது இடது காதில் மீன்வால். மாகௌதா ஒரு பழைய ரப்பர் பூட்ஸிலிருந்து காது அளவு துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, அதில் தன் அடையாளத்தை வெட்டிப் பார்த்திருந்தார். ஓரத்தில் இரண்டு பல், நுனியில் ஒரு பிளவு. அதை மூக்குப்பொடி டப்பாவுக்குள்ளேயே வைத்திருந்தார். கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

வாரத்து ஆடு செத்தால் ஒரு முறை உண்டு. தோலை முழுசாக உரித்து, இரண்டு காதும் அதிலேயே ஒட்டியிருக்க, சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விரித்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஆடு செத்தது. காட்டாவிட்டால் விற்றுவிட்டது என்று அர்த்தம். இதில் நடுவழி கிடையாது.

அந்த வருடம் அவருடைய கூலி மேய்ப்பர் எல்லை தாண்டி வேலை தேடிப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. மாகௌதாவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேலே மலைப்பட்டிக்கு ஏறிவிட்டார். கோடை முழுக்க ஆடுகளோடு ஆண்கள் மட்டும் தங்கும் இடம் அது. ஒரு கல் குடிசை, ஒரு கல் பட்டி, சுற்றிலும் புல். வழியில் பார்க்கிற மேய்ப்பர்கள் சும்மா விடவில்லை.

"மாகௌதாம்மா, தாடி மொளைச்சா சொல்லி அனுப்புங்க!"

"மொளைச்சா உனக்குத்தான்டா பாதி. உனக்கு இன்னும் சரியா வரலையே."

நான் அந்த ஏப்ரல் மாதம் பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். தலைநகர் மசேருவில் ஒரு பயிற்சிக் கல்லூரியிலிருந்து பதில் வரவேண்டும். எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மலைப்பட்டிக்குப் போகிற முகட்டில் ஒரு பாறை மேல் நின்றால் கிடைக்கும். அதனால் மாகௌதாவுக்கு மாவும் உப்பும் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று அம்மா சொன்னபோது நானே முந்திக்கொண்டு கிளம்பினேன். என் பெயர் லிபுவோ. நான் முகட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை மாகௌதா கீழேயிருந்து பார்த்துவிட்டார்.

"என்னடி லிபுவோ, மேகத்துக்கிட்ட கடன் கேக்குறியா?"

"கல்லூரியில கூப்பிட்டாங்களான்னு பாக்குறேம்மா."

"கூப்பிட்டா கேக்கும். இந்த மலையில எல்லாம் கேக்கும். வந்து களி கிண்டு."

எங்கள் நாட்டில் குளிர்காலம் ஜூனில்தான், பனியும் அப்போதுதான். அதற்குள் ஆடுகள் ஊருக்கு இறங்கிவிடும், ரோமமும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஏப்ரலில் வயலில் சோளம் அறுக்காமல் நிற்கும். அந்த வருடம் ரோமம் வெட்டும் கொட்டகைக்கு மூட்டை ஏற்றும் லாரி தாமதமாக வந்ததால் வெட்டும் தாமதமாகத்தான் நடந்தது. ஆடுகள் ரோமம் இழந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வெட்டிய மொஹேர் ஆட்டைப் பார்த்தால் குளித்துவிட்டுத் துண்டில்லாமல் நிற்கும் ஆள் மாதிரி இருக்கும்.

நான் போன மறுநாள் காலை வடக்குக் காற்று வெதுவெதுப்பாக அடித்தது. மாகௌதா ஆடுகளைத் திறந்துவிட்டார். யாராக இருந்தாலும் திறந்துதான் விட்டிருப்பார்கள். உச்சிப் பொழுதுக்குக் காற்று நின்றது. பிறகு தெற்கிலிருந்து வந்தது. மாகௌதா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"கம்பளிய இறுக்கிக் கட்டு. ஓடு."

"என்னம்மா?"

"கேள்வி அப்புறம். ஓடு!"

நாங்கள் ஓடினோம். முதலில் மழை. அது முகத்தில் குத்துகிற மழையானது. பிறகு சத்தமே இல்லாமல் வெள்ளையாக இறங்கியது. ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரத் தொடங்கிவிட்டன. குளிரில் ஆடு வீட்டைத் தேடாது, காற்று தள்ளுகிற பக்கம் போகும். பாதி மந்தையை நாங்கள் கத்தியும் கல்லெறிந்தும் திருப்பினோம். மீதி முகட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். பார்த்த இடம் அடுத்த நிமிடம் இல்லை. வெள்ளைதான் இருந்தது.

"அந்தப் பக்கம் போறேம்மா!"

"போனா உன் அம்மாவுக்கு நான் எந்தத் தோலைக் காட்டுறது? உள்ள வா."

குடிசைக்குள் கொள்ளுமட்டும் ஆடுகளை அடைத்தோம். எங்களுக்கு உட்கார இடம் இல்லை. ஒரு கிடாய் என் காலின் மேல் படுத்துக்கொண்டது, நான் தள்ளவில்லை, அதன் வயிறு சூடாக இருந்தது. சாணி வறட்டிப் புகை வெளியே போக வழியில்லாமல் கூரையிலிருந்து திரும்பி எங்கள் மேலேயே இறங்கியது. குடிசைக்குள் கொள்ளாத ஆடுகள் பட்டிச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கீழே இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். மாகௌதா திரும்பத் திரும்ப வெளியே போய் அவற்றை இழுத்துப் பிரித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் புருவத்தில் பனி ஏறி வந்தார். திட்டிக்கொண்டே வந்தார். அவர் ஆடுகளைத் திட்டுகிற திட்டை நான் எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டையும் அதனதன் பெயர் சொல்லித்தான் திட்டினார்.

ஒரு தடவை உள்ளே வந்தவர் திட்டவில்லை. கத்தியைக் கேட்டார். செத்தவற்றை விறைக்கும் முன் உரிக்க வேண்டும். அவர் உரித்துக் கொடுக்கக் கொடுக்க நான் காதுகள் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி வைத்தேன்.

காலையில் கதவை உள்ளே இழுத்தபோது கதவளவுக்கு ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. உடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மேகம் ஒன்றுகூட இல்லை. வெளிச்சம் கண்ணை அடித்தது. மாகௌதா அடுப்புக் கரியை எடுத்து என் கண்ணுக்குக் கீழே அப்பிவிட்டு, தனக்கும் அப்பிக்கொண்டார்.

"அழகா இருக்கேனா?"

"பேய் மாதிரி இருக்கீங்க."

"அப்ப பனி பயந்து உருகிடும். வா."

மூன்று வயதிலிருந்து நான் ஏறி இறங்கிய மலை அது. எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. ஊற்று இருந்த இடம் தெரியவில்லை. பாதை இல்லை. நான் போனைத் தூக்கிப் பிடிக்கும் பாறை ஒரு சோற்றுக் குவியல் மாதிரி உட்கார்ந்திருந்தது. காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கியது. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. உயரத்தில் பெரிய கழுகு ஒன்று மட்டும் சுற்றியது. மாகௌதா கழுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்கு அந்தக் காலையில் பயம் புயலில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. புயலில் செய்வதற்கு வேலை இருந்தது. இப்போது என்ன போயிற்று என்று தேடிப் பார்க்கிற வேலைதான்.

முகட்டைத் தாண்டினால் தலைவர் பூட்டிவைத்த புல்வெளி. குளிர்காலத்துக்காக விட்டுவைத்த புல். அதுவரை அங்கே யாருடைய ஆடும் மாடும் போகக் கூடாது. போனால் ஆட்டைப் பிடித்து அடைப்பார்கள், அபராதம் உண்டு. எல்லையில் கல் குவித்திருக்கும். அந்தக் குவியல்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"நம்ம ஆடு காத்துல போச்சு. காத்துக்கு அபராதம் போடட்டும்," என்றார் மாகௌதா.

சரிவில் ஓரிடத்தில் பனியில் விரல் அளவு ஓட்டைகள் இருந்தன. ஓரம் மஞ்சளாக இருந்தது. மாகௌதா குனிந்து பார்த்தார். ஓட்டையிலிருந்து ஆவி வந்தது. நாங்கள் கையால் தோண்டினோம். உள்ளே ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன. உயிரோடு. வெளியே இழுத்ததும் ஒன்று தும்மியது. மாகௌதா அதன் மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, நான் பார்த்ததைப் பார்த்து, "என்ன பாக்குற? தோண்டு" என்றார்.

கொஞ்சம் கீழே, ஓடையின் பள்ளத்தில் மீதி ஆடுகள் இருந்தன. ஏழு. அங்கே ஓட்டை எதுவும் இல்லை. மாகௌதா கத்தியை எடுத்தார். பாதி விறைத்த ஆட்டை உரிப்பது கொடுமையான வேலை. விரல் மரத்துப்போனால் ஆட்டின் வயிற்றுக்குள் கையை வைத்துச் சூடாக்கிக்கொண்டார். ஏழும் காதோடு முழுசாக வந்தன. ஏழாவதை மடித்து வைத்தபோது, "பரவாயில்ல. தோல் இருக்கு. ரெண்டு குட்டி இல்லன்னாலும் ஒண்ணாவது தருவார்" என்று தனக்குத்தானே சொன்னார்.

அப்போதுதான் நாய் குரைத்தது.

பள்ளத்தின் வளைவுக்கு அப்பால் ஒரு பாறைத் துருத்தல். அதன் அடியில் செம்மறிகள் நெருக்கியடித்து நின்றன. ரோமத்தோடு இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரு மனிதர். முட்டிக்குக் கீழே கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. தலைவரின் தம்பியிடம் மேய்ப்பராக இருந்த மொஹாபி.

அவர் எங்களைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இது:

"அக்கா, நான் இங்க இல்ல."

"என்னடா ஒளர்ற?"

"நீங்க என்னைப் பாக்கல. இது பூட்டின புல்லு. இந்த ஆடும் இங்க இல்ல."

மாகௌதா பாறையின் அடியில் உட்கார்ந்தார். செம்மறிகளைப் பார்த்தார். தலைவரின் தம்பி, அண்ணன் பூட்டிய புல்லிலேயே திருட்டுத்தனமாக மேய்க்கச் சொல்லியிருந்தார் என்பது கேட்காமலே புரிந்தது.

"உன் மொதலாளி மேய்க்கச் சொன்னாரு. மாட்டினா?"

"நான்தான் வழி தவறி வந்தேன்னு சொல்வாரு. சொல்லிட்டு வெரட்டுவாரு. இந்த வருசக் கூலி மாடு போயிடும் அக்கா. இன்னும் ஆறு மாசம்தான். அந்த ஒரு மாடு குடுத்தா என் மாமனாருக்கு முடிஞ்சிடும்."

எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாடுகளைக் கொடுத்து முடிக்காதவரை பிள்ளைகள் தாய்வீட்டுப் பிள்ளைகள். அப்பாவின் பெயர் அவர்களுக்குக் கிடையாது. மொஹாபிக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று பிள்ளைகள். அவர்கள் வேறு குடும்பத்துப் பெயரோடு பள்ளிக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப உன்னை எங்க விழ வைக்கிறது?" என்று மாகௌதா கேட்டார்.

"என்னக்கா?"

"எங்கயாவது விழுந்துதான ஆகணும். இங்க விழல. கீழ உன் பட்டி வாசல்ல விழுந்த. சரியா? அதுவரைக்கும் உன்னை யார் தூக்குறது, அதுதான் கேள்வி."

கழுதையைக் கொண்டுவர முடியாது, அது பனியில் மூழ்கிவிடும். எங்கள் இருவரால் அவரைத் தூக்க முடியாது. கம்பளிகள் அவர் மேல் இருந்தாக வேண்டும், அவர் உதடு நீலமாக இருந்தது. மாகௌதா என் பக்கம் திரும்பி நான் சுமந்து வந்த தோல் கட்டைப் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

"பிரி," என்றார்.

ஏழு தோல்களையும் ஒன்றன் ஓரத்தில் ஒன்றாக வைத்து, கத்தியால் துளை போட்டு, கட்டைச் சுற்றியிருந்த மாவு மூட்டைக் கயிற்றால் தைத்து, மீதிக் கயிற்றை இழுப்பதற்கு விட்டார். வழுக்கிப் போவதற்காக, மயிர் சாயும் பக்கம் பின்னால் வரும்படி பார்த்துப் பார்த்து வைத்தார். குளிரில் தோல் விறைத்து ஒரு பெரிய முறம் மாதிரி ஆனது. அதில் மொஹாபியைப் படுக்கவைத்துக் கட்டினோம்.

"அக்கா, இது செகெலோ அய்யாவோட தோலு. உங்களுக்கு வேணுமே."

"வேணும்தான். ஆனா இப்ப நீ அதுமேல படுத்துக் கெடக்க. வாய மூடிக்கிட்டு வா."

மேல் சரிவில் நன்றாக வழுக்கியது. ஒரு இடத்தில் எங்களையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாகௌதா ஒரு பாறையில் மோதி விழுந்தார். மொஹாபி வலியிலும் சிரித்தார். நாய் எங்கள் தடத்திலேயே செம்மறிகளை ஓட்டிக்கொண்டு குரைத்துக்கொண்டே வந்தது. ஆனால் வெயில் ஏறியது. கீழே போகப் போகப் பனி மெலிந்து கல் தலைகாட்டியது. ஏப்ரல் பனி தங்காது, வந்த வேகத்தில் போய்விடும். கல்மேல் இழுக்க இழுக்கத் தோல் தேய்ந்தது, கிழிந்தது. ஓரங்களில் இருந்த காதுகள் முதலில் பிய்ந்தன. நான் கயிற்றைப் பிடித்து இழுக்க, மாகௌதா பின்னால் வந்து விழுந்த ஒவ்வொரு காதையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மொஹாபியின் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது தோல் என்று சொல்ல எதுவும் இல்லை. ரத்தமும் சேறுமாகக் கந்தல். அவரோடு தங்கும் மற்றொரு மேய்ப்பர் அவரைக் கழுதையில் ஏற்றி வைத்தியம் பார்க்கக் கொண்டுபோனார். நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பட்டி நாய்கள் அந்தக் கந்தலையும் இழுத்துக்கொண்டு போயிருந்தன.

எங்கள் பட்டிக்குத் திரும்பி ஏறும்போது மாகௌதா ஒரே ஒரு தடவை பேசினார்.

"லிபுவோ, உனக்கு நாக்கு நீளம். இது உன் விஷயமில்ல. அவன் மாடு கைக்கு வர்ற வரைக்கும் நீ எதையும் பாக்கல."

"உங்க ஆடு போயிடுமே அம்மா?"

"காது இருக்கு. பாப்போம்."

அவர் நினைத்த மாதிரி நடக்கவில்லை. சில நாள் கழித்து செகெலோ அய்யா குதிரையில் வந்தார். தலைவர் முற்றத்தில் ஊர் கூடியது. மாகௌதா பட்டியில் செத்த ஆடுகளின் தோல்களை விரித்தார். காதோடு, சுத்தமாக. செகெலோ அய்யா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மாகௌதா தன் கம்பளியின் மடிப்பை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். மீன்வால் வெட்டுப் போட்ட காதுகள். தோல் இல்லாமல், காதுகள் மட்டும்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. எங்கள் மலையில் காதை மட்டும் அறுத்து எடுப்பவர்கள் ஒரே கூட்டத்தார்தான். திருடிய ஆட்டை விற்கும் முன் அடையாளத்தை அழிக்கிறவர்கள்.

தலைவரின் தம்பிதான் முதலில் பேசினார். "காதைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறது யாரு பழக்கம்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தோல் கிழிஞ்சு போச்சு," என்றார் மாகௌதா.

"எதுல?"

"கல்லுல."

"தோல் தானா நடந்து போய்க் கல்லுல ஒரசுச்சோ?" யாரோ சிரித்தார்கள்.

செகெலோ அய்யா சிரிக்கவில்லை. அவர் முகம் வாடியிருந்தது. "மாகௌதா, பனி பெய்ஞ்சது எனக்கும் தெரியும். ஆனா பனி செத்ததையும் மூடும், வித்ததையும் மூடும். நீ ஒரு வார்த்த சொல்லு. எப்படிப் போச்சுன்னு சொல்லு. நான் நம்புறேன்."

அந்த ஒரு வார்த்தை முற்றத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. மொஹாபி, காலில் கட்டோடு, ஒரு கல்மேல் தன் முதலாளிக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் கை கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. எழ முயன்றார்.

"தலைவரே, அந்தத் தோலு..."

"உனக்கென்னடா தெரியும்?" மாகௌதாவின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "பட்டி வாசல்ல வழுக்கி விழுந்து படுத்துக் கெடந்தவன், மலையில நடந்ததுக்குச் சாட்சி சொல்ல வந்துட்டான்! நேரா நடக்கத் தெரியல, நியாயம் பேசுறான்! உக்காரு!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். மொஹாபி உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தலைவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். மாகௌதா என்னைப் பார்க்கவேயில்லை. மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருட்டு என்று தீர்ப்பு சொல்ல ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. செகெலோ அய்யா பிழைத்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆடுகள் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிக் கத்தின. மாகௌதா அவற்றைப் பெயர் சொல்லித் திட்டினார். "போங்க கழுதைங்களா, போங்க." அவை போயின.

அன்றிலிருந்து அவருக்குக் காதுக்காரி என்று பெயர். பிள்ளைகள் தூரத்திலிருந்து கத்திவிட்டு ஓடுவார்கள். மாவு அரைக்கும் இடத்தில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். அடுத்த பள்ளத்தாக்கில் வாரத்துக்கு ஆடு கேட்கப் போனார். அங்கேயும் அந்தப் பெயர் முன்னாலேயே போயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிறர் வயலில் சோளம் அடித்தும் விறகு சுமந்தும் ஓட்டினார். கிண்டல் பேச்சு குறைந்துபோனது. எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் களி சாப்பிட வந்தால்கூட வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பலமுறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் மொஹாபியின் பிள்ளைகள் எதிரே வந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மொஹாபி கூலி மாட்டை வாங்கிக்கொண்டார். மாமனார் வீட்டில் கட்டினார். பிறகு தலைவரின் தம்பியிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நான் அந்தப் பக்கத்து மலைக்குக் குடும்பத்தோட போறேன். தலைவர்கிட்டப் போய்ச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, 'முடிஞ்ச வழக்கு, போ'ங்கறாரு. தம்பி பேரு வருதுல்ல. நீ எழுதத் தெரிஞ்சவ. என் பேரைப் போட்டே எழுது."

மாகௌதாவிடம் கேட்டேன். விறகை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

"எழுதி என்ன ஆகப்போகுது? ஆடு திரும்பி வருமா?"

"பேராவது திரும்பி வரட்டும்மா."

"எந்தப் பேரு? எனக்கு இருக்கறதே இல்லாத பிள்ளையோட பேரு." டப்பாவைத் திறந்தார். பொடிக்குள் அந்த ரப்பர் துண்டு இன்னும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மூடினார். "சரி, எழுது. நான் பாறையில மோதி விழுந்தத மட்டும் எழுதாத."

எழுதிவிட்டேன். திட்டட்டும். அவர் திட்டிக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

காதுக்காரி என்ற பெயரை யாரும் எழுதவில்லை. அது பேருந்திலும், மாவு அரைக்கும் இடத்திலும், ரோமக் கொட்டகை வரிசையிலும் வாய் வாயாகப் போய்த்தான் அத்தனை பள்ளத்தாக்குகளைத் தாண்டியது. வெறும் எழுத்து அவ்வளவு தூரம் போகாது. செகெலோ அய்யா இப்போது சமவெளியில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை. அவருக்குப் படிக்கவும் தெரியாது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லுங்கள். ஆடு வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் சொல்லுங்கள். பனியில் ஏழு ஆடு செத்தது, விற்கப்படவில்லை, அந்த ஏழு தோலும் மொஹாபியின் முதுகுக்கு அடியில் தேய்ந்து போயின என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவர் பெயர் மாகௌதா என்று சொல்லுங்கள்.